டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்

கல்யாண வீட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சமையல்கட்டு வாசலில் ஒரு சின்னக் கூட்டம் நிற்கும். கவனித்திருக்கிறீர்களா? முகூர்த்தத்துக்கு வந்தவர்கள்தான். ஆனால், அந்த நிமிஷத்தில் அவர்கள் காபிக்கு வந்தவர்கள். முதல் ஈடு டிகாக்‌ஷன் தீர்ந்திருக்கும். முதலில் வருகிற பெரியவர், ‘ஒரு காபி’ என்பார். பரிசாரகர் ஃபில்டரில் புதுப் பொடி போட்டு வெந்நீர் ஊற்றுவார். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் இன்னும் பதினைந்து பேர் டம்ளர் இல்லாத கைகளுடன் வந்து சேர்வார்கள். பதினைந்து பேருக்கும் பதினைந்து ஃபில்டர் வைக்க மாட்டார் அவர். ‘இறங்கிண்டிருக்கு, செத்த இருங்கோ’ என்பார். அவ்வளவுதான்.

இந்த ஒரு வாக்கியத்தைக் கம்ப்யூட்டர்களுக்குச் சொல்லிக்கொடுக்க கெட்டிக்காரர்கள் வருஷக்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வாரம் அதைப் பற்றி. கொஞ்சம் டெக்னிக்கலாக இருக்கும். பயப்படாதீர்கள், ஃபார்முலா கிடையாது.

முதலில் ப்ராக்ஸி சர்வர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். ப்ராக்ஸி என்பது பதிலாள். ஒரு ஆபீஸில் நூறு பேர் இன்டர்நெட் பார்க்கிறார்கள். நூறு பேரும் நேரே வெளியே போகாமல் வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரிடம் கேட்பார்கள். அது வெளியே போய் வாங்கி வந்து தரும். தரும்போது ஒரு காப்பி எடுத்துத் தன் அலமாரியில் வைத்துக்கொள்ளும். அடுத்து யாராவது அதையே கேட்டால் வெளியே போக வேண்டாம், அலமாரியிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த அலமாரிக்குப் பெயர் கேஷ். பாங்க் காஷியர் சம்பந்தப்பட்டது இல்லை. ஒளித்து வைப்பது என்ற அர்த்தமுள்ள ஃபிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது.

யோசனை வெப்பின் வயசையொத்தது. வலை பிறந்த ஜெனீவாவின் செர்ன் ஆராய்ச்சிக்கூடத்தில் எழுதப்பட்ட சர்வரிலேயே இந்த வசதி வந்துவிட்டது. 1994-ல் அதே ஜெனீவாவில் நடந்த முதல் வெப் மாநாட்டில் ஆரி லுவோடோனன், கெவின் ஆல்ட்டிஸ் என்ற இருவர் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்தார்கள். 1996-ல் ‘ஸ்க்விட்’ என்ற இலவச மென்பொருள் வந்தது. ஸ்க்விட் என்றால் கணவாய் மீன். ஏன் அந்தப் பெயர் என்று கேட்காதீர்கள், நல்ல பெயர்களெல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருக்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் பழைய பென்டியம் பெட்டி ஒன்றில் லினக்ஸ் போட்டு ஸ்க்விட் ஓட்டாத கம்ப்யூட்டர் லேப் ஒரு காலத்தில் குறைவு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அலமாரியில் இருந்தால் கொடு, இல்லாவிட்டால் போய் வாங்கி வா. கேட்பதற்கு எத்தனை சுலபம்! ஆனால், ‘இல்லை’ என்று கண்டுபிடித்த கணத்துக்கும், ‘வந்துவிட்டது’ என்ற கணத்துக்கும் நடுவே ஒரு நேரம் இருக்கிறது. டிகாக்‌ஷன் இறங்கும் நேரம். அதற்குள் இன்னொருத்தர் வந்து அதையே கேட்டால்? சிக்கல் மொத்தமும் அந்த இடைவெளியில்தான்.

2006 செப்டம்பரில் ஒரு பையன் என் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். தூரத்து உறவினர் சிபாரிசு. பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயன்ஸ் முடித்துவிட்டு, மாயவரம் பக்கத்திலிருந்து வேலை தேடி சென்னை வந்து மேன்ஷனில் தங்கியிருந்தான். ரெஸ்யூம் திருத்தித் தரச் சொல்லி வந்தவன், முதல் நாளே ரெஸ்யூமை ஓரமாக வைத்துவிட்டு, “சார், ஒரு புரொக்ராம் எழுதினேன். அதுல எங்க தப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா, எது சரின்னு தெரியலை” என்றான். இப்படிப் பேசுகிறவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும்.

அவனுடைய தாய்மாமா ஊரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். பன்னிரண்டு கம்ப்யூட்டர், தெர்மகோல் தடுப்பு, வாசலில் செருப்பு. வெளியே போகும் கனெக்‌ஷன் 256 கேபிபிஎஸ். இன்றைக்கு உங்கள் பேரன் அந்த வேகத்தைக் கேட்டால் சிரிப்பான். காலையில் கடை திறந்து பன்னிரண்டு மெஷினையும் ஆன் பண்ணினால், பன்னிரண்டும் ஒரே சமயத்தில் ஆன்ட்டி வைரஸின் அன்றைய ஃபைலைக் கேட்கும். நான்கு எம்பி இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு எம்பி என்பது சுமார் 32 ஆயிரம் கிலோபிட். 256-ஆல் வகுத்தால் 125 செகண்டு. ஒரு தடவை கொண்டுவர இரண்டு நிமிஷம். அதையே பன்னிரண்டு தடவை கொண்டுவந்தால் இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷமும் வந்திருக்கிற கஸ்டமர் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து!

பையன் ஒரு சின்ன ப்ராக்ஸி எழுதினான், ஜாவாவில். ஸ்க்விட்டையே போட்டிருக்கலாமே என்றேன். “எழுதிப் பார்க்கணும்னு ஆசை சார்” என்றான். இதற்கு மேல் அவனைக் கேட்க என்ன இருக்கிறது?

எழுதி முடித்து முதல் நாள் போட்டதும் நடந்தது இது. முதல் மெஷின் கேட்டது. டிஸ்க்கில் இல்லை. ப்ராக்ஸி வெளியே போய், வரவரக் கோப்பில் எழுத ஆரம்பித்தது. நாலு செகண்டு கழித்து இரண்டாவது மெஷின் கேட்டது. ப்ராக்ஸி டிஸ்க்கைப் பார்த்தது. அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறது! எடுத்துக் கொடுத்துவிட்டது. நான்கு எம்பியில் வெறும் நூறு கேபி. அரை வேக்காடு. இரண்டாவது மெஷினின் ஆன்ட்டி வைரஸ் அதைத் தின்றுவிட்டுப் படுத்துவிட்டது.

இதற்கு யூனிக்ஸ்காரர்களிடம் பாட்டி வைத்தியம் மாதிரி ஒன்று உண்டு. கோப்பை அதன் நிஜப் பெயரில் எழுதாதே. வேறு ஏதோ தற்காலிகப் பெயரில் எழுது. முழுசாக முடிந்ததும் பெயரை மாற்று. பெயர் மாற்றுவது பிளக்க முடியாத ஒரே செய்கை. ஒன்று பழைய பெயரில் இருக்கும், அல்லது புதுப் பெயரில் இருக்கும். பாதி மாறிய பெயர் என்று ஒன்று கிடையாது. பையன் இதைத் தானாகவே கண்டுபிடித்திருந்தான். “ராத்திரி ரெண்டு மணிக்குத் தோணிச்சு சார்.” நானாக இருந்தால் புத்தகத்தில்தான் பார்த்திருப்பேன்.

அரைக் கோப்புப் பிரச்னை தீர்ந்தது. ஆனால், பழைய கதை திரும்பிவிட்டது. முழுக் கோப்பு வரும்வரை யார் பார்த்தாலும் ‘இல்லை’. எனவே, பன்னிரண்டு மெஷினுக்கும் பன்னிரண்டு தடவை வெளியே போனது. அதே இருபத்தைந்து நிமிஷம். ஒழுங்கான ஃபைல், அதுதான் லாபம்.

ஆக, ப்ராக்ஸிக்கு இரண்டு நிலைகள் போதாது. இருக்கிறது, இல்லை என்பதோடு மூன்றாவதாக ஒன்று வேண்டும்: வந்துகொண்டிருக்கிறது. ஒரு பட்டியல் வைத்து, இன்ன ஃபைலுக்கு ஆள் அனுப்பியாயிற்று என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து வருகிறவர் பட்டியலைப் பார்ப்பார். பெயர் இருந்தால் உட்கார வேண்டியது. இதிலும் ஒரு கண்ணி வெடி. பட்டியலைப் பார்ப்பதும் அதில் எழுதுவதும் ஒரே செய்கையாக இருக்க வேண்டும். இரண்டு பேர் ஒரே மில்லி செகண்டில் பார்த்து, இரண்டு பேருக்கும் ‘பெயர் இல்லை’ என்று தெரிந்து, இரண்டு பேரும் எழுதிவிட்டுக் கிளம்பினால் எல்லாம் வீண். அதனால் பட்டியலுக்கு ஒரு பூட்டு. ஒரு சமயத்தில் ஒருவர்தான் தொடலாம். தொட்டதும் விட்டுவிட வேண்டும். ஃபைல் வரும்வரை பூட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தால், வேறு ஃபைல் கேட்டு வருகிறவனும் வாசலில் நிற்பான். பாத்ரூம் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு சினிமாவுக்குப் போன மாதிரி.

பெரியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். ஸ்க்விட்டில் 2006-ல் வந்த 2.6 பதிப்பில் இதற்கு ஒரு வசதி சேர்த்தார்கள். ‘கொலாப்ஸ்டு ஃபார்வர்டிங்’ என்று பெயர். பல கேள்விகளை மடித்து ஒன்றாக்கி அனுப்புவது. வேடிக்கை என்னவென்றால், ஸ்க்விட்டைத் திருத்தி எழுதி 3-ம் பதிப்பு கொண்டுவந்தபோது இது விட்டுப்போயிற்று. திரும்ப வர 2015-ல் 3.5 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருப்பவர்களுக்கான வசதிக்கே காத்திருப்பு. என்ஜின்எக்ஸ் என்ற ரஷ்யத் தயாரிப்பில் 2011-ல் ‘கேஷ் லாக்’ என்று ஒரு கட்டளை வந்தது. அதில் காத்திருப்பவர் ஐந்து செகண்டுதான் காத்திருப்பார். அதற்குள் வராவிட்டால், போங்கடா என்று தானே வெளியே போய்விடுவார். ஐந்து என்பதை மாற்றிக்கொள்ளலாம். எவ்வளவு நேரம் பொறுமை காட்டலாம் என்று மனுஷனே தீர்மானித்து எண்ணாக எழுத வேண்டியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

காத்திருப்பதிலும் இரண்டு வகை. முழு ஃபைலும் வந்து சேரும்வரை காத்திருப்பது ஒன்று. வர வர வாங்கிக்கொண்டே போவது இன்னொன்று. இரண்டாவது வகைதான் சாமர்த்தியம். முதல் ஆளுக்கு வந்துகொண்டிருக்கும் கோப்பை அடுத்தவர் ஆரம்பத்திலிருந்து படிக்கிறார். எழுதப்பட்ட இடம்வரை வந்ததும், அது கோப்பின் முடிவு என்று நினைக்காமல், தூங்குகிறார். இன்னும் கொஞ்சம் எழுதப்பட்டதும் எழுப்பப்படுகிறார். உள்ளூர் கேபிள் வேகம், வெளி லைன் மெதுவு. ஆகவே, லேட்டாக வந்தவரும் சீக்கிரமே முதல் ஆளை எட்டிப் பிடித்துவிடுவார். பன்னிரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும். இரண்டு நிமிஷத்தில். 2006-ல் பிறந்த வார்னிஷ் என்ற மென்பொருளில்கூட இந்த ஓடும்போதே கொடுக்கும் வித்தை முழுசாக வந்தது 2014-ல், நான்காம் பதிப்பில்தான்.

வார்னிஷ் பற்றி ஒரு வரி. நார்வே நாட்டின் வெர்டென்ஸ் காங் என்ற பத்திரிகையின் வெப்சைட்டுக்காக, டென்மார்க்காரரான பால்-ஹென்னிங் காம்ப் எழுதியது. பன்னிரண்டு மெஷின்களில் ஸ்க்விட் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் மூன்று மெஷின் போதுமானது. செய்தித்தாள்காரர்களுக்கு இந்த மந்தைத் தொல்லை அதிகம். ஏதாவது பெரிய செய்தி வெடித்தால், ஒரு பக்கத்தை ஒரே செகண்டில் ஆயிரக்கணக்கானவர் கேட்பார்கள். அது இன்னும் அலமாரிக்கு வந்திருக்காது.

மந்தை என்றதும் நினைவு வருகிறது. இங்கிலீஷில் இதற்கு ‘தண்டரிங் ஹெர்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புழுதி பறக்க ஓடும் காட்டெருமைக் கூட்டம். அந்தக் கூட்டம் என்ன செய்யும் என்பதற்கு ஃபேஸ்புக் சாட்சி. 2010 செப்டம்பர் 23 அன்று அது சுமார் இரண்டரை மணி நேரம் படுத்துவிட்டது. காரணத்தை அவர்களே எழுதினார்கள். ஏதோ ஒரு செட்டிங்கை மாற்றினார்கள். மாற்றிய மதிப்பு செல்லாது என்று ஒவ்வொரு மெஷினும் முடிவு செய்தது. கேஷில் இருப்பது தப்பு, நிஜமானதை டேட்டாபேஸிடம் கேட்போம் என்று எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பின. செகண்டுக்கு லட்சக்கணக்கில் கேள்விகள். டேட்டாபேஸ் திணறி ‘எரர்’ என்றது. எரர் வந்தால் என்ன அர்த்தம்? மதிப்பு செல்லாது என்று அர்த்தம். உடனே கேஷிலிருந்து அதை அழித்துவிட்டு மறுபடி கேட்டன. பழுதை ஏற்கெனவே சரிசெய்தாகிவிட்டது. கூட்டம் மட்டும் கலையவில்லை. கடைசியில் டேட்டாபேஸ் பக்கம் யாரும் வராதபடி கதவைச் சாத்தினார்கள். அதாவது சைட்டையே நிறுத்திவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டார்கள்.

அவர்களே 2013-ல் ஒரு கட்டுரையில் தங்கள் வைத்தியத்தைச் சொன்னார்கள். ஒரு பொருள் கேஷில் இல்லையென்றால் முதலில் வந்தவருக்கு ஒரு டோக்கன். டோக்கன் உள்ளவர்தான் டேட்டாபேஸ் போகலாம். ஒரு பொருளுக்குப் பத்து செகண்டுக்கு ஒரு டோக்கன்தான். மற்றவர்கள் சற்று நின்று மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். அதற்குள் பெரும்பாலும் வந்திருக்கும். இப்படி அடிக்கடி முட்டி மோதும் ஒரு பகுதியில், உச்ச நேரத்தில் செகண்டுக்கு 17 ஆயிரமாக இருந்த டேட்டாபேஸ் கேள்விகள் 1,300-ஆகக் குறைந்தன. ரேஷன் கடையில் நம் ஆட்கள் டோக்கன் கொடுத்தது எந்த வருஷம் என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.

பையனிடம் திரும்புகிறேன். பட்டியல், பூட்டு, காத்திருப்பு எல்லாம் எழுதிவிட்டான். காலை நேரத் தொல்லை தீர்ந்தது. மாமா ஒரு சட்டை எடுத்துக் கொடுத்தாராம்.

அதில் ஒரு ஓட்டை இருந்தது, அவனே அடைத்தான். முதலில் கேட்ட மெஷினில் இருந்த கஸ்டமர் பாதியில் எழுந்து போய்விட்டார். ப்ராக்ஸி, கேட்டவரே போய்விட்டார் என்று வேலையை நிறுத்திவிட்டது. பின்னால் காத்திருந்த ஏழு பேர் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். எழுப்ப ஆள் இல்லை. கொண்டுவருகிற வேலை முதலில் கேட்டவருக்குச் சொந்தமில்லை, அந்த ஃபைலுக்குச் சொந்தம் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. காத்திருப்பவர் ஒருவர் மிச்சம் இருந்தாலும் வேலை தொடர வேண்டும். ஒருத்தரும் இல்லையென்றால்? ஸ்க்விட்டில் இதற்கு நல்ல ஒரு வழக்கம். மிச்சம் 16 கேபிக்கும் குறைவு என்றால், அல்லது 95 சதவிகிதம் வந்துவிட்டது என்றால் முடித்துவிடு, இல்லாவிட்டால் கைவிடு. சாப்பாட்டில் கடைசிக் கவளத்தை வைத்துவிட்டு எழாதே என்று பாட்டி சொல்வாளே, அதுபோல.

வெளி சர்வரே தகராறு செய்தால் என்ன என்பது இன்னொன்று. காத்திருந்த பதினோரு பேரையும் எழுப்பி, ‘வரலை, நீங்களே பார்த்துக்கோங்க’ என்று சொன்னால் பதினோரு பேரும் ஒன்றாக ஓடுவார்கள். மந்தையை ஒழிக்கவில்லை, இரண்டு நிமிஷம் தள்ளிப்போட்டிருக்கிறோம். பதினோரு பேருக்கும் அதே எரரைக் கொடுத்துவிடலாம். அல்லது ஒருவரை மட்டும் எழுப்பி அனுப்பலாம். பையன் இரண்டாவதை எடுத்துக்கொண்டான். மூன்று முறை தோற்றால் எல்லோருக்கும் எரர். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பிறகு 2006 மே மாதம், ப்ளஸ் டூ ரிசல்ட்.

அந்த நாட்களில் ரிசல்ட் தினத்தன்று பிரவுசிங் சென்டர் எப்படி இருக்கும் என்று முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: வாசல் தாண்டி ரோடு வரை கூட்டம். சீட்டில் ரெஜிஸ்டர் நம்பரை எழுதிக்கொண்டு அப்பாக்கள். பையன்கள் வெளியே சைக்கிளில் சாய்ந்துகொண்டு அலட்சியமாக இருப்பதுபோல் நடிப்பார்கள். பெண்கள் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. பிரின்ட்-அவுட் பத்து ரூபாய். நம்பர் போட்டு அழுத்தினால் பெயர், ஆறு பாடம், மார்க். ஒவ்வொன்றும் இருநூறுக்கு. எழுபது எடுத்தால் பாஸ்.

இந்தப் பையனும் மாமாவும் ஆளுக்கு ஒரு மெஷினில் உட்கார்ந்து நம்பர் அடித்துக்கொண்டிருந்தார்கள். சென்ற வருஷங்களைவிட வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. சைட்டின் முகப்புப் படங்கள் எல்லாம் கேஷிலிருந்து வந்ததல்லவா. ஒரு பெண்ணுக்கு அடித்தான். பிஸிக்ஸில் 58. ஃபெயில். பேப்பரைப் பிரின்டரிலிருந்து உருவி அவளிடம் கொடுத்தான். அவள் மார்க்கை மட்டும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. வெளியே போய் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கூட வந்த அப்பா சில்லறை வாங்க நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஐந்து நிமிஷத்தில் மாமா தன் மெஷினில் எடுத்த பேப்பர் ஒன்றை ஒரு பையனிடம் கொடுத்தார். பிஸிக்ஸ் 58. ‘ஒரே மாதிரி இருக்கே’ என்று இவனுக்கு என்னவோ தோன்றி, திரையில் இன்னும் மூடாமல் இருந்த அந்தப் பெண்ணின் பக்கத்தைப் பார்த்தான். மேலே இருந்தது ஒரு ஆண் பெயர்.

அவள் நம்பரை மறுபடி அடித்தான். பிஸிக்ஸ் 171. எல்லாவற்றிலும் பாஸ்.

“அதுக்கப்புறம் நான் என்ன பண்ணேன்னு எனக்கு ஞாபகம் இல்லை சார். மாமாவோட டிவிஎஸ் 50 எடுத்துக்கிட்டு, பின்னாடி அவங்க அப்பாவை ஏத்திக்கிட்டு... ரயில்வே கேட் போட்டிருந்தான் சார். கேட் போட்டிருந்தான்.” இதைச் சொல்லும்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. அவன் கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவள் வீட்டுக்குத்தான் போயிருந்தாள். கொல்லையில் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்துதான் இருந்தாள். அப்பா பேப்பரைக் காட்டியதும் நம்பவில்லையாம். இதுவும் தப்பாக இருந்தால் என்று கேட்டாளாம். நியாயமான கேள்வி. மூன்று பேருமாக மறுபடி கடைக்கு வந்து, அவளே உட்கார்ந்து அவளே நம்பர் அடித்துப் பார்த்த பிறகுதான் அழுதாளாம்.

நடந்தது இது. ரிசல்ட் பக்கத்தில் ரெஜிஸ்டர் நம்பர் முகவரியில் போகாது. ஒரு ஃபாரத்தில் நிரப்பி உள்ளே வைத்து அனுப்பப்படும். ஹெச்டிடிபி என்ற வலையின் பேச்சு மொழியில் சும்மா கேட்பதற்கு ‘கெட்’, இப்படி விவரம் வைத்து அனுப்புவதற்கு ‘போஸ்ட்’. வெளியிலிருந்து பார்த்தால் எல்லா மாணவருக்கும் முகவரி ஒன்றுதான். பையனின் பட்டியலில் இருந்தது முகவரி மட்டும். மாமா ஒரு நம்பரை அனுப்பினார். சர்வர் அன்றைய நெரிசலில் பதில் தர நேரமாயிற்று. அந்த இடைவெளியில் இவன் இந்தப் பெண்ணின் நம்பரை அனுப்பினான். ப்ராக்ஸி பட்டியலைப் பார்த்தது. அதே முகவரி, ஏற்கெனவே ஆள் போயிருக்கிறது. செத்த இருங்கோ. பதில் வந்தது, இரண்டு பேருக்கும் கொடுத்தது.

“போஸ்ட்டுக்கு வர்ற பதிலை சேவ் பண்ணக் கூடாதுன்னு எனக்குத் தெரியும் சார். சேவ் பண்ணலை. ஆனா, வெயிட்டும் பண்ணக் கூடாதுன்னு தோணலை.”

எத்தனை நுட்பமான இடம் பாருங்கள். அலமாரியில் வைக்கவே இல்லை. ஆனாலும், வந்துகொண்டிருந்த ஒன்றைப் பகிர்ந்து கொடுத்துவிட்டது. அவன் அன்றிரவே காத்திருக்கும் பகுதி முழுவதையும் அழித்துவிட்டான். காலையில் மறுபடி இருபத்தைந்து நிமிஷம். மாமா ஒன்றும் சொல்லவில்லையாம்.

மாயவரத்துப் பையனுக்கு மட்டும் நேர்வதில்லை இது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற உலகப் பெரிய விளையாட்டுக் கடையில் ஏறக்குறைய இதன் ஒன்றுவிட்ட சகோதரன் நடந்தது. அதன் மேல் தாக்குதல் நடந்துகொண்டிருந்தது. சமாளிக்க அவசரமாகக் கேஷ் விதிகளை மாற்றினார்கள். மாற்றியதில் ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குப் போயிற்று. சுமார் 34 ஆயிரம் பேரின் விவரங்கள் அடுத்தவர் கண்ணில் பட்டிருக்கலாம் என்று கம்பெனியே சொன்னது. முகவரி, ஈமெயில், வாங்கிய சாமான்.

பையன் என்னிடம் கேட்டது இதைத்தான்: எது பொது, எது தனி என்று ப்ராக்ஸிக்கு எப்படித் தெரியும்? பதில் வந்தால் அதன் தலைப்பில் எழுதியிருக்கும், இது தனிப்பட்டது, வைத்துக்கொள்ளாதே என்று. ஆனால், காத்திருப்பவரை உட்கார வைக்கலாமா என்று பதில் வருவதற்கு முன்னால் அல்லவா தீர்மானிக்க வேண்டும்?

இதற்கு முழுமையான பதில் கிடையாது. உத்திகள் உண்டு. போஸ்ட் என்றால் சேர்க்காதே. பாஸ்வேர்டு, குக்கி போன்ற ஆளடையாளம் கூடவே வந்தால் சேர்க்காதே. மற்றதைச் சேர்த்து உட்கார வை. ஆனால், பதில் வந்ததும் தலைப்பைப் பார். தனி என்று எழுதியிருந்தால் முதல் ஆளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றவர்களைத் தனித்தனியாக வெளியே அனுப்பு.

கடைசியாகச் சொன்னதில் ஒரு வேதனை இருக்கிறது. கல்யாண வீட்டுக்கே போகலாம். முதல் பெரியவருக்கு இறங்கிய காபி சர்க்கரை இல்லாதது, அவருக்கென்றே போட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் காத்திருந்தவருக்கு, ‘இது உங்களுக்கில்லை, உங்களுக்குத் தனி’ என்று அடுத்தது ஆரம்பிக்கும். மூன்றாமவர் அதற்குக் காத்திருப்பார். அவருக்கும் அதே பதில். பதினைந்தாவது ஆசாமிக்குக் காபி கிடைப்பதற்குள் முகூர்த்தம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி போட்டிருப்பார்கள். ஆளுக்கொரு ஃபில்டர் வைத்திருந்தால் எல்லோரும் எப்போதோ குடித்திருப்பார்கள். ஸ்க்விட்டில் அந்த மடிக்கும் வசதியைப் போட்டுக் கொடுக்காமல், வேண்டுமானால் போட்டுக்கொள் என்று அணைத்து வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். வார்னிஷ் வேறு வழி கண்டுபிடித்தது. ஒரு முறை சூடு பட்டால், இந்த முகவரிக்கு யாரையும் காக்க வைக்காதே என்று ஒரு சீட்டு எழுதி அலமாரியில் வைத்துக்கொள்ளும். இரண்டு நிமிஷம் செல்லுபடி. பொருளை வைக்காமல், பொருள் இங்கே வைக்கப்படாது என்ற அறிவிப்பை வைப்பது. எனக்கு மிகவும் பிடித்த யோசனை.

காலாவதி ஆகும் பொருள்களுக்கு இன்னும் சொகுசான வழிகள் வந்துவிட்டன. பழசு கையில் இருக்கும்போது கூட்டத்தை ஏன் நிறுத்திவைக்க வேண்டும்? ஒருவரைப் புதுசுக்கு அனுப்பிவிட்டு, மற்றவர்களுக்குப் பழசையே கொடு. 2010-ல் இது முறையான ஆவணமாகவே வந்துவிட்டது. 2015-ல் மூன்று பேர் சேர்ந்து பூட்டே இல்லாத ஒரு தந்திரத்தை வெளியிட்டார்கள். காலாவதி நெருங்க நெருங்க, வருகிற ஒவ்வொருவரும் தனக்குள் ஒரு தாயம் உருட்டிப் பார்க்க வேண்டும். விழுந்தால் நேரம் வருவதற்கு முன்பே போய்ப் புதுசு கொண்டுவந்துவிட வேண்டும். ஒருவரோடொருவர் பேச்சே இல்லை. ஆனால், பெரும்பாலும் யாராவது ஒருவர்தான் போவார். கணிதக்காரர்களின் சோம்பேறித்தனத்தில் ஒரு அழகு உண்டு.

ஆனால், முதல் முறை கேட்கப்படும் கோப்புக்குப் பழசு ஏது? அங்கே பட்டியலும் பூட்டும்தான். இன்றைக்கும் அதுதான்.

நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அவன் அழித்ததைத் திரும்ப எழுதினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்டேன், பெரும்பாலும் காபி கொடுத்தேன். ஆன்ட்டி வைரஸ் ஃபைல், படங்கள், பாட்டு, சினிமா டிரெய்லர் எல்லாம் காத்திருப்போர் பட்டியலுக்கு உண்டு. மற்றது கிடையாது. ஊருக்கு அனுப்பி மாமாவின் மெஷினில் போடப் போகிறேன் என்றான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

“அடுத்த வருஷம் ரிசல்ட் பேஜுக்கு என்ன சார் பண்றது?”

“ஒண்ணும் பண்ணாதே. நேரா வெளியே விட்டுடு.”

“பன்னிரண்டு மெஷினும் பன்னிரண்டு தடவை போகுமே சார். கூட்டம் ரோடு வரைக்கும் நிக்கும்.”

“நிக்கட்டும்.”